மூலைக்கல்லுக்கு அடியில் கரி

நில அளவை அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிடும் தைரியம் எவனுக்கும் கிடையாது. அந்தத் திங்கட்கிழமை தலைமை அளவர் அவள் மேசையில் ஒரு நோட்டீஸை வைத்துவிட்டு நழுவப் பார்த்தார்.

“நில்லுங்க சார். இதுல எங்க அக்கா வீடும் இருக்கே?”

“மலையில ஒன்பது வீடும்மா. அதுல ஒண்ணு உங்க அக்கா வீடு. நான் என்ன பண்ண?”

இரண்டு மாநிலமும் சேர்ந்து எல்லையை மறுபடி அளந்திருக்கின்றன. மூலைக்கல் கீழே ஓடைக்கரையில் இருந்ததாம். அப்படியென்றால் ஒன்பது வீடும் எல்லைக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் முழுக்கக் காப்புக்காடு. வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமை விசாரணையில் சொல்லலாம். முப்பது வருஷமாகக் குடியிருக்கிறவர்களுக்கு நாலே நாள் தவணை!

“எந்தக் கபோதி அளந்தான்?” என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைத் தட்டச்சு நின்றது. மூலைக்கல் மலை உச்சியில் இருப்பதாகத்தான் பழைய அளவுப் புத்தகம் சொல்கிறது. அதை நகலெடுத்துக்கொண்டு, புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினாள். அக்கா வீட்டுக்காரர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தார்.

ஓடைக்கரையில் கல் இருந்தது. எழுத்து, எண் எல்லாம் சரி. சின்னப் பாலத்தை ஒட்டிக் கைப்பிடிச் சுவருக்கு முட்டுக் கொடுத்து நின்றது. அவள் அதன் அடியில் தோண்டச் சொன்னாள்.

“கல்லுதான் கண்ணுக்கு முன்னாடி நிக்குதே, இன்னும் எதுக்கும்மா தோண்டணும்?” என்றார் அத்தான்.

“கல்லை யாரு வேணா தூக்கிட்டுப் போகலாம் அத்தான். அதுக்குத்தான் அந்தக் காலத்துல மூலைக்கல் நடும்போது அடியில ரெண்டு கூடை கரி கொட்டிப் புதைச்சாங்க. கரி மக்காது.”

முழங்கை ஆழம் தோண்டியும் சேறுதான் வந்தது. ஒரு துளி கருப்பு இல்லை. அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

இந்தப் பக்கமிருந்து உச்சிக்கு ஒரே ஒரு ஒற்றையடிப் பாதை. அது அக்கா வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் மேலே போகும். அக்கா தண்ணீர்ச் சொம்போடு நின்றாள். பாதிச் சாமான் மூட்டையாகியிருந்தது. “நீ பார்த்துக்குவேன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்டி” என்றாள். தங்கை நின்றபடியே தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்தாள். அதற்கு மேல் முள்ளும் சரளையுமாக இரண்டு மணி நேரம். அத்தானுக்கு மூச்சு வாங்கியது. இவளுக்கு வாய் ஓயவில்லை. அளந்தவன், வரைந்தவன், கையெழுத்துப் போட்டவன் எல்லாருக்கும் அர்ச்சனை நடந்தது.

உச்சியில் அம்புக்குறி செதுக்கிய பாறை அப்படியே இருந்தது. புத்தகத்தில் இருந்தபடி அதிலிருந்து அளவு நாடாவைப் பிடித்தார்கள். நாடா முடிந்த இடம், பக்கத்து மாநிலப் பக்கமிருந்து ஏறி வரும் புது ரோட்டின் ஓரம். மூன்றாவது குத்திலேயே கடப்பாரை முனை கருப்பாக வந்தது. கை நிறையக் கரி.

“அட, ஆமா!” அத்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார். “நாலு வருஷம் முன்னாடி இந்த ரோடு போட்டப்ப இங்கேருந்து கல்லெல்லாம் லாரியில அள்ளிச் சுத்து வழியா கீழ கொண்டு போனாங்க. பாலத்துக்கு முட்டுக் கொடுக்க இதையும் நட்டுட்டானுங்க போல. ஆமா, வருஷா வருஷம் உங்க ஆளுங்க வந்து பார்ப்பாங்களே, யாரும்மா அது?”

அவள் கரியைப் பையில் கட்டினாள். இறங்கும்போது ஒரு திட்டுகூட அவள் வாயிலிருந்து வரவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் பெஞ்சு முழுக்க மலைக்காரர்கள். முன்வரிசையில் அக்காவும் அத்தானும். பக்கத்து மாநில அதிகாரி கரியை விரலால் நசுக்கிப் பார்த்துச் சிரித்தார்.

“யாரோ அடுப்பு மூட்டின கரியா இருக்கலாமில்ல? உங்க தணிக்கைப் பதிவேடு என்ன சொல்லுது பாருங்க. ‘நேரில் பார்த்தேன். கல் தன் இடத்தில் உள்ளது.’ நாலு வருஷமும் இதே வரி, ஒரே கையெழுத்து. அதை நம்பித்தான் கல் நிக்கிற இடத்தையே மூலையா எடுத்தோம்.”

தலைமை அளவர் அவள் பக்கம் குனிந்தார். “வாயைத் திறக்காதே. வேலை போயிடும்” என்று கிசுகிசுத்தார். அந்தப் பதிவேட்டில் போன வருஷத்து வரியைப் பார்த்து இந்த வருஷம் எழுதுவதுதான் அலுவலக வழக்கம். மேசையை விட்டு எழுந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

அவள் எழுந்தாள்.

“அந்தக் கையெழுத்து என்னோடது. அது பொய். நாலு வருஷமும் நான் மலை ஏறல. உக்காந்த இடத்துல எழுதினேன். எழுதிக்கோங்க சார், கீழே கையெழுத்தும் போடுறேன்.”

எழுதிக்கொண்டார்கள். அவளும் போட்டாள். நோட்டீஸ் ரத்தானது, எல்லை உச்சிக்குத் திரும்பியது. சாயங்காலத்துக்குள் அவள் கையில் சஸ்பெண்டு உத்தரவு.

வராந்தாவில் மலைக்காரர்கள் அவள் கையைப் பிடித்து அழுதார்கள். அக்கா மட்டும் தள்ளியே நின்றாள். கூட்டம் விலகியதும் கிட்டே வந்தாள்.

“வருஷா வருஷம் நீ எழுதியிருக்கியே, மேல போய்ப் பார்த்தேன்னு. உச்சிக்கு வழி என் வீட்டு வாசல்லதானேடி? நாலு வருஷமா, ‘மலையேற முழங்கால் ஒத்துழைக்கலக்கா, நீயே கீழ வந்துட்டுப் போ’ன்னு என்னைத்தானே வரவச்சே? முந்தாநாள் மட்டும் அந்த முழங்கால் எப்படிடி ஏறுச்சு?”

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அத்தானுக்காகக்கூடக் காத்திராமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.