மீன்காரி தேடிய ஆம்ப்ளிஃபயர்

கிரேக்கத் துறைமுகமான வோலோஸின் மீன் சந்தையில் ஸ்தமாத்தியாவின் குரல் தெரியாதவர்கள் கிடையாது. அவள் நெத்திலி கூவினால் படகில் தூங்குகிறவனும் எழுந்து உட்காருவான். அப்படிப்பட்டவள், மலையடிவார ஹோட்டலுக்கு மீன் கொடுக்கப் போன இடத்தில் வாயடைத்து நின்றாள். கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு. அதில் யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த வரிக்கு முன் அவள் மூச்சை இழுத்தது, பக்கத்தில் நின்று இழுப்பதுபோலக் கேட்டது.

ஹோட்டலை மூடியபோது முதலாளி அந்த ஸ்பீக்கர்களை இவளுக்கே விற்றார். ஆம்ப்ளிஃபயரை மட்டும் தன்னோடு ஏதென்ஸுக்கு எடுத்துப் போய்விட்டார். வீட்டிலிருந்த ஆம்ப்ளிஃபயரில் மாட்டிப் பார்த்தாள். ஒரு பாட்டு முடிவதற்குள் அது சூடேறி அணைந்துவிட்டது.

"கதவு மாதிரி ரெண்டு வாங்கி வச்சிருக்கே. துணியாவது காயப் போடலாம்," என்றான் கணவன் பண்டெலிஸ்.

"போடு பாப்போம். கை இருக்காது."

பாட்டுப் பைத்தியமான மருந்துக்கடை அரிஸ்டிடிஸ் வந்து பார்த்தான். "அக்கா, சாதா ஸ்பீக்கர்ல இருக்கிற கூம்பு இதுல இல்ல. மெல்லிசான அலுமினிய ரிப்பன்தான் அதிருது. மின்தடை மத்ததுல எட்டு ஓம்னா இதுல ஒரே ஓம். குழாயை முழுசாத் திறந்துவிட்ட மாதிரி கரண்டை இழுக்கும். தெம்பில்லாத ஆம்ப் படுத்துரும். என்கிட்ட முந்நூறு வாட் இருக்கு, எடுத்துட்டு வரட்டா?"

வந்தது. மெதுவாகப் பாடும்வரை நன்றாகப் பாடியது. கோஷ்டி சேர்ந்து குரலை உயர்த்தியதும் 'டக்'கென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. அரிஸ்டிடிஸின் முகம் தொங்கிப்போனது.

"அதைத் திட்டாதே தம்பி, எட்டு ஓமுக்குப் பழகின பிள்ளை," என்றாள். "ஆனா ஒண்ணு புரிஞ்சுபோச்சு. எழுதி வச்ச வாட்டை நம்பக்கூடாது. நான் செவுளைத் தூக்கிப் பாக்காம மீன் வாங்கினதில்ல."

அந்த இலையுதிர்காலம் முழுக்க, சந்தைக்கு விடுமுறையான நாட்களில் ஸ்பீக்கர்களைக் கம்பளியில் சுற்றி மீன் வேனில் ஏற்றி ஊர் ஊராகப் போனாள். அரிஸ்டிடிஸும் தொற்றிக்கொண்டான். பழைய ஆம்ப்ளிஃபயர் விற்கிறவர்கள் மீன் வாடையை முகர்ந்து சிரித்தார்கள். ஒரு ஓம் என்றதும் சிரிப்பு நின்றது. த்ரிகலாவில் ஒருவரின் வால்வு ஆம்ப்ளிஃபயர் அணையவில்லை. ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து பாடுவதுபோல மங்கலாக இருந்தது. லமியாவில் ஒருவர் மாட்டவே மறுத்துவிட்டார்.

லாரிசாவில் திராசிவுலோஸ் என்ற பெரியவர் இருந்தார். நாடகக் கொட்டகைகளுக்கு ஒலி அமைத்தவர். அவரிடமிருந்தது அழகில்லாத கறுப்புப் பெட்டி, இரண்டு பேர் தூக்கும் கனம்.

"அம்பது வாட்டுதானா? வேணாம்க்கா," என்று அரிஸ்டிடிஸ் காதைக் கடித்தான்.

பெரியவருக்குக் கேட்டுவிட்டது. "எட்டு ஓமுக்குத்தான் அம்பது, தம்பி. நாலுக்கு நூறு, ரெண்டுக்கு இருநூறு, ஒண்ணுக்கு நானூறு. ஓம் பாதியானா இது இரட்டிப்பாக் குடுக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பின்ன எதுக்கு இந்தக் கனம்?"

"அப்ப மாட்டுங்கண்ணே, கேப்போம்," என்றாள் ஸ்தமாத்தியா.

"இன்னிக்கு மாட்ட மாட்டேன். உள்ள இருக்கிற கெப்பாசிட்டருக்கு நாப்பது வயசாச்சு. கோளாறாகி நேர்மின்சாரம் கசிஞ்சா உன் ரிப்பன் கருகிரும். மாத்திட்டுக் கூப்பிடறேன், போயிட்டு வா."

வேனில் ஏறியதும் அவள் சொன்னாள்: "எல்லாரும் அவங்க பெட்டியை நினைச்சுப் பயந்தாங்க. இந்த மனுஷன் ஒருத்தர்தான் என் ஸ்பீக்கரை நினைச்சுப் பயந்தாரு. நான் காத்திருக்கேன்."

கிறிஸ்துமஸ் கழிந்துதான் அவர் கூப்பிட்டார். ஸ்பீக்கர்களோடு இருவரும் மறுபடி லாரிசாவுக்குப் போனார்கள். அதே பாட்டைப் போட்டார்கள். கோஷ்டியின் குரல் உயர்ந்தது. அரிஸ்டிடிஸ் தோளைக் குறுக்கிக்கொண்டு அந்த 'டக்'குக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. "இன்னும் கூட்டுங்கண்ணே," என்றாள். கூட்டினார். ஜன்னல் அதிர்ந்தது, குரல் கொஞ்சமும் கசங்கவில்லை. ஸ்தமாத்தியா தலைக்குட்டையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பெட்டியை வாங்கி வந்து வீட்டில் முதல் தடவை போட்டபோது பண்டெலிஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வந்து பாடறா?" என்றான். அதற்குப் பிறகு அவன் துணி காயப்போடும் பேச்சை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் மாதக் கோடையில் அந்தப் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. கழுத்தில் ஈரத்துண்டு, பக்கத்தில் தர்பூசணித் தட்டு, திறந்த ஜன்னல்கள் என்று அவள் உட்கார்ந்து கேட்டாள். கீழே தெருவில் காபிக் கடைக்காரர் தன் ரேடியோவை அணைத்துவிட்டு நாற்காலியை அந்த ஜன்னலுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டார்.