தலைகீழாகப் பார்த்து வாங்கிய புத்தகம்

எழுபதுகளின் கடைசியில் மதுரை விளக்குத்தூண் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். நூர் ஸ்டூடியோ பீர் முகமது பாயைப் பற்றி இரண்டு சங்கதி சொல்வார்கள். கரிக்கட்டையாகப் போனாலும் எலுமிச்சம்பழ நிறத்தில் திருப்பி அனுப்புவார் என்பது ஒன்று. புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற ஆள் என்பது இன்னொன்று. முதலாவது முழுக்க உண்மை. இரண்டாவது முக்கால் உண்மை.

டவுன்ஹால் ரோட்டில் ஆண்டிச்சாமியின் பழைய புத்தகக் கடை இருந்தது. ஊரைவிட்டுக் கிளம்புகிற பாதிரியார்களும், ஓய்வு பெறுகிற பேராசிரியர்களும் போட்டுவிட்டுப் போன புத்தகங்கள் அங்கேதான் வந்து சேரும். வெளிநாட்டுப் போட்டோப் புத்தகம் ஏதாவது வந்தால் ஆண்டிச்சாமி பாய்க்குச் சொல்லி அனுப்புவார். பாய் வருவார், மடியில் வைப்பார், நிதானமாகத் தலைகீழாகத் திருப்புவார்.

“பாய், நேராப் பிடிங்க. பாவம், வெள்ளைக்காரனுக்கு ரத்தமெல்லாம் தலைக்கு ஏறிரும்.”

“ஏறட்டும்ப்பா. மதுரச் சனம் அம்புட்டுப் பேரையும் நான் தலைகீழாத்தானே பாத்துக்கிட்டிருக்கேன். ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகலையே.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. பாயின் ஸ்டூடியோ காமிரா மூன்று கால் வைத்த மரப்பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், பின்னாலிருக்கிற கண்ணாடியில் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலைகீழாகத்தான் தெரிவார். அப்படிப் பார்க்கும்போது மாப்பிள்ளை, தாசில்தார், கடன்காரன் என்கிற பேதமெல்லாம் போய்விடும். வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே நிற்கிறது, அவ்வளவுதான் மிஞ்சும். தலைகீழாகப் பார்த்தும் ஒரு படம் ஆளைப் பிடித்து நிறுத்தினால் அந்தப் புத்தகத்தை வாங்கலாம் என்பது பாயின் சட்டம்.

மேலூர், திருமங்கலம் ஸ்டூடியோக்காரர்கள்கூட அவரிடம் யோசனை கேட்க வருவார்கள். பாய்க்கு வாய் திறந்துவிட்டால் மூடாது.

“சூரியன் மறையிற படமா இருந்தா வச்சுட்டு வந்துரு மாப்ள. நம்ம வைகைப் பாலத்துலயும் சூரியன் தினம் மறையத்தான் செய்யுது, ஓசிக்கு. கறுப்பு எடம் கறுப்பா இருக்கான்னு பாரு. சாம்பலாத் தெரிஞ்சா அச்சடிச்சவன் ஏமாத்திட்டான்னு அர்த்தம். ஒரு பக்கத்துல நாலு படம் போட்டிருந்தா அது புத்தகமில்ல, காலண்டரு. ஏதாச்சும் ஒரு மொகத்தப் பாத்து, ‘என்ன தாயி, சாப்பிட்டியா’ன்னு கேக்கத் தோணுச்சுன்னு வையி, வீட்டுப் பாத்திரத்த வித்தாச்சும் வாங்கிரு.”

இந்தப் பாத்திர விஷயம் எப்படியோ அவர் மனைவி சபுராவின் காதுக்குப் போய்விட்டது. அன்று மத்தியானம் சபுரா சோற்றைத் தட்டில் போடாமல் வாழையிலையில் போட்டார். “தட்டெல்லாம் விக்கிறதுக்கு எடுத்து வச்சிருக்கேன்” என்றார். பாய் சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவரவும் சபுரா விடவில்லை. “உருவப்படம் இருக்கிற வீட்டுக்கு அல்லா அனுப்புற மலக்குமாருக வர மாட்டாக” என்றார்.

“அப்ப ஸ்டூடியோவுக்கு?”

“அங்கதான் நீங்க இருக்கீகளே. அவுக எதுக்கு வாராக?”

அதனால் புத்தகங்கள் ஸ்டூடியோவிலேயே, காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பக்கத்து ஸ்டூலில் அடுக்கப்பட்டன. வந்தது வினை. எந்த ஸ்டூடியோவிலும் அந்த இடத்தில் மாடல் ஆல்பம் இருக்கும். அதைப் புரட்டி, ‘இந்த மாதிரி எடுங்க’ என்று கைகாட்டுவது ஊர் வழக்கம். சனங்கள் பாயின் புத்தகங்களையும் மாடல் ஆல்பம் என்றே நினைத்தார்கள். செல்லூரிலிருந்து வந்த புதுமாப்பிள்ளை ஒருவன் இரண்டு மொட்டை மரங்கள் நிற்கிற படத்தைக் காட்டி, “எங்க ரெண்டு பேரையும் இதே மாதிரி நிப்பாட்டுங்க பாய்” என்றான். பெண் ஒரு மணி நேரம் அவனோடு பேசவில்லை.

அந்த வருஷம் பாய் வாங்கிய புத்தகம் ஒன்று மற்றதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. கறுப்புத் துணி அட்டை போட்ட கனத்த புத்தகம். ஏதோ ஒரு குளிர்தேசத்துக் குடியானவர்களின் படங்கள். நடுவில் ஒரு பொம்பளை. ஐம்பது வயசு இருக்கும். மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பாதைப் பக்கம் பார்க்கிறாள். தலைத்துணி கழுத்தில் நழுவிக் கிடக்கிறது. பின்னால் வெள்ளை வெளேரென்று வானம். “உருளைக்கிழங்கு வயல்னு மட்டுந்தேன் போட்டிருக்கு, பேரு ஊரு ஒண்ணையும் காணோம்” என்று ஆண்டிச்சாமி எழுத்துக்கூட்டிச் சொன்னார். பாய் அந்தப் பக்கத்தைத் தலைகீழாகப் பார்த்தார், நேராகப் பார்த்தார். பிறகு பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஒருநாள் காலையில் விளாங்குடியிலிருந்து அன்னக்கொடி என்கிற பெண் புருஷன் சுருளியோடு படம் எடுக்க வந்தாள். பிறந்த ஊர் பேரையூர்ப் பக்கம். பாய் விளக்குகளைத் தள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது பெஞ்சில் அவள் புத்தகத்தைப் புரட்டினாள். திடீரென்று, “ஏ ஆத்தா!” என்று ஒரு சத்தம். பாய் ஓடி வந்தார்.

“பாய், இது எங்க ஆத்தா” என்றாள் அன்னக்கொடி.

சுருளி தலையில் அடித்துக்கொண்டான். “கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு? அது வெள்ளைக்காரி.”

“எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? வெள்ளைக்காரின்னு தெரியுது. ஆனா பருத்திக் காட்டுல நிமுந்து, யாரு வாரதுன்னு எங்க ஆத்தா இப்பிடித்தேன் பாக்கும். நீங்களே பாருங்க.”

சுருளி குனிந்து பார்த்தான். “அட, ஆமாய்யா. அத்தைய உரிச்சு வச்ச மாதிரில்ல இருக்கு” என்றான்.

அவள் ஆத்தா மாயக்காள் செத்து அடுத்த மாதம் வருஷம் திரும்பப் போகிறது. படையலுக்கு முன்னால் வைத்துக் கும்பிட ஒரு படம் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அந்த அம்மாள் சாகும்வரை காமிரா முன்னால் நிற்கவே இல்லை. செத்த அன்றைக்காவது ஒரு படம் எடுத்துவிடலாம் என்று பார்த்தால், அன்று பெரிய முகூர்த்த நாள். பேரையூர் ஸ்டூடியோக்காரர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். ஆத்தாவின் முகம் நெருப்போடு போயிற்று.

“எனக்கே மொகம் மறந்துக்கிட்டு வருது பாய்” என்றாள் அன்னக்கொடி. “கண்ண மூடுனா சேலைதான் தெரியுது, மொகம் தெரிய மாட்டேங்குது. இத ஆத்தாவா மாத்திக் குடுங்க. நெத்தியில துன்னூறு, காதுல தண்டட்டி, நம்ம நெறம். ஆனா அண்ணன் ஒத்துக்கிட்டாத்தேன் வீட்டுல மாட்ட முடியும். படையல் போடுறது தலைமகன்தானே.”

யோசித்துச் சொல்வதாகப் பாய் அவர்களை அனுப்பிவைத்தார். படத்திலிருக்கிற அம்மாள் எங்கேயாவது உயிரோடு இருந்தால்? உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போடுவதா? அது அடாத காரியமில்லையா? மத்தியானம் சபுராவிடம் சொல்லிப் புலம்பினார்.

“அந்தப் புள்ள அழுதுச்சா?” என்று கேட்டார் சபுரா.

“அழுதிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்பேன். அழுகிறவங்கள எத்தனையோ பாத்தாச்சு. இது சிரிச்சுச்சு சபுரா. ஆத்தா வெளியூரு போயிட்டுத் திரும்பி வந்த மாதிரி சிரிச்சுச்சு.”

“அப்பச் செஞ்சு குடுங்க. மனசு உறுத்துனா அந்த வெள்ளைக்காரம்மா நல்லா இருக்கணும்னு ஒரு துஆ கேட்டுக்கங்க. அல்லாவுக்கு ஆளு அடையாளம் தெரியாமலா போகும்?”

பாய் துஆ கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தைக் காமிரா முன்னால் சாய்த்து வைத்தார். பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு, மேஜையில் விரித்து உட்கார்ந்தபோது அவருக்கே சிரிப்பு வந்தது. இத்தனை வருஷம் பென்சிலும் பிரஷ்ஷுமாக அவர் செய்ததெல்லாம் கறுப்பை வெளுப்பாக்கும் வேலை. அம்மைத் தழும்பை மூடுவார், சுருக்கத்தை நீவிவிடுவார், கண்ணுக்குக் கீழே கிடக்கிற கவலையைத் துடைத்துவிடுவார். இன்று முதல்முறையாக ஒரு வெள்ளைக்காரியைக் கறுப்பாக்கினார். கழுத்துத் துணி முந்தானை ஆயிற்று. நெற்றியில் திருநீறு ஏறியது. இரண்டு காதையும் இழுத்து நீட்டி, கனத்த தண்டட்டி இரண்டைத் தொங்கவிட்டார். கண்ணை மட்டும் தொடவில்லை.

படத்தை வாங்க அன்னக்கொடி வந்தபோது சுருளியோடு அவள் அண்ணன் மலைச்சாமியும் வந்தான். மேலூர்க் கல் குவாரியில் வேலை. வாசற்படி ஏறும்போதே குரல் உயர்ந்தது.

“எவளோ ஒரு வெள்ளைக்காரிக்கு நான் படையல் போடணுமா? ஊரு சிரிக்காதா? மாப்ள, பொம்பளை புத்தியில்லாமச் சொன்னா நீயும் தலையாட்டுவியா?”

“மச்சான், ஒரு தடவ பாருங்க. பெறகு பேசுங்க” என்றான் சுருளி.

பாய் படத்தைக் கொண்டுவந்து பெஞ்சில் சாய்த்து வைத்தார். இவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆத்தா இரண்டாம் தடவை செத்துப்போவாள். தானும் கூட்டுச் சேர்ந்து கொன்றதாகத்தான் ஆகும். அவர் அன்னக்கொடியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.

மலைச்சாமி குனியவில்லை. நின்றபடியே பார்த்தான். கையிலிருந்த துண்டு நழுவியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

“தப்பா இருக்கு” என்றான்.

அன்னக்கொடிக்கு உதடு கோணிவிட்டது. “என்ன அண்ணே தப்பு?”

“காது. ஆத்தாவுக்கு எடது காது ஏது? அறுந்து ரெண்டாத்தானே தொங்கும். பாய்கிட்ட ஏன் சொல்லல?”

“ஆத்தா உசுரோட இருந்தப்பவே அத மறைச்சுத்தானே திரிஞ்சுச்சு. முள்ளு கிழிச்சிருச்சு, முள்ளு கிழிச்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டு. படத்துலயாச்சும் ரெண்டு காதுலயும் போட்டுக்கிட்டு நிக்கட்டுமேன்னுதான்.”

“முள்ளுமில்ல, மண்ணுமில்ல” என்றான் மலைச்சாமி. “நாந்தேன். நாலு வயசு எனக்கு. உசிலம்பட்டிச் சந்தைக்கு இடுப்புல தூக்கிட்டுப் போச்சு. மாடு ஒண்ணு மெரண்டு பாஞ்சு வந்துச்சு. கூட்டம் இடிச்ச இடியில நான் பயந்துபோயிப் பிடிச்சது அந்தத் தண்டட்டிய. நான் கீழ விழல, காது அறுந்துச்சு. ரத்தம் எம் மேலெல்லாம் ஊத்துது, ஆத்தா என்னைய எறக்கி விடல. வீடு வந்து சேந்தப்புறந்தான் எறக்குச்சு. புள்ளை காத அறுத்துட்டான்னு யாரும் என்னைய ஒரு சொல்லு சொல்லிரக்கூடாதுன்னு சாகுற வரைக்கும் முள்ளுன்னே சொல்லிருச்சு.”

அன்னக்கொடி அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பாய், அந்தக் காத அறுத்துக் குடுங்க” என்றான் மலைச்சாமி. “அப்பத்தேன் அது எங்க ஆத்தா.”

பாய் பிளேடை எடுத்தார். இடது தண்டட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார். சுரண்டிய இடத்தில் அடிக்காகிதம் வெளுத்து, பின்னாலிருந்த வானத்தோடு சேர்ந்துகொண்டது. பிறகு காதின் நுனியைக் கீறி இரண்டு நூலாகத் தொங்கவிட்டார். ஊரில் எத்தனையோ பேரின் தழும்பை மூடிய கை அது. இன்று ஒரு தழும்பைத் திறந்துவிட்டது. மனசிலிருந்த பாரமும் அந்த நிமிஷத்தில் இறங்கிவிட்டது. இனி இது கிழங்கு வயலில் நிற்கிற அந்த அம்மாள் இல்லை. இதற்கு மாலை போடலாம்.

“ஆத்தா” என்று கூப்பிட்டான் மலைச்சாமி. கூப்பிட்டுவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு, வெட்கமில்லாமல் அழுதான். பாயும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

படத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பும்போது மலைச்சாமி திரும்பி நின்றான். “அந்தப் புத்தகத்தக் கொஞ்சம் காட்டுங்க பாய்.”

பாய் பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தார். குளிர்தேசத்து அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாதையைப் பார்த்தாள். மலைச்சாமி அவளுடைய முழுசான இரண்டு காதையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

“நல்லா இருக்கட்டும் பாய் இந்தம்மா” என்றான். “இவுக பெத்த புள்ளைக நல்ல புள்ளைக போல.”