பைலட் ஜெட்டில் பஞ்சு

நல்லூர்ல எங்க ஊட்டு முன்னாடி நிக்கற பைக்குக்கு என்னை விடக் கொஞ்சந்தான் வயசு கம்மி. பாக்க ராஜா மாதிரி இருக்கும். சிக்னல்ல ஆக்சிலேட்டர விட்டா மட்டும் பொசுக்குன்னு செத்துப் போகும். கிக்கர ஒதைச்சு ஒதைச்சு எம் முட்டிதான் தேஞ்சுது போங்க.

பழைய வண்டி மேல எனக்குப் பைத்தியம்னு தெருவுல பேச்சு. பைத்தியமாவது ஒண்ணாவது! எம் பொண்டாட்டி அருள்புரத்துல ஒரு பனியன் கம்பெனியில துணி செக்கிங் பாக்கறா. கம்பெனி வேன் ஊரெல்லாம் சுத்தி ஆளேத்தறதால கோழி கூப்பிடவே அவ கெளம்பியாகோணும். நான் கொண்டு போய் விட்டா ஒரு மணி நேரம் கூடத் தூங்குவா. அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம். ஆனா வண்டி நடுரோட்ல நின்னு நின்னு, அவ போய்ச் சேர்றதுக்குள்ள கம்பெனி கேட்டச் சாத்திட்டாங்க. "நான் வேன்லயே போய்க்கறனுங்க"ன்னுட்டா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடத் தேவலை.

அன்னிக்கு ஞாயித்துக்கெழமை. வாரமெல்லாம் நிட்டிங் மெஷின் முன்னாடி நின்ன காலு, மடக்குனா மடங்க மாட்டீங்குது. இருந்தாலும் கார்ப்பரேட்டர மறுபடியும் கழட்டினேன். கழுவி மாட்டி, ஏர் ஸ்க்ரூவத் திருகி வெச்சா ரெண்டு நாள் ஓடும். அப்பறம் பழைய குருடி கதவத் திறடி.

அவ பக்கத்துல செவுத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. "இன்னிக்காச்சும் ஆகுங்களா?"

"ஆகும் புள்ள."

பைலட் ஜெட்டுன்னு ஒண்ணு. ஆக்சிலேட்டர விட்டதுக்கப்பறம் வண்டி சாகாம இருக்கப் பெட்ரோல் விடற பொடி ஓட்டை. வெயிலுக்கு நேரா புடிச்சுப் பாத்தேன். உள்ள ரோஸ் கலர்ல ஒரு இழை. எங் கையில இருந்த பனியன் வேஸ்ட்டும் அதே ரோஸ்.

அட நாசமாப் போக! எங்கூர்ல கை தொடைக்க, மெஷின் தொடைக்க, சைக்கிள் தொடைக்க, எல்லாத்துக்கும் கட்டிங்ல விழுகற வேஸ்ட் துணிதான். அதுலயே ஒவ்வொரு தடவையும் கார்ப்பரேட்டரப் பளபளன்னு தொடைச்சு, பஞ்ச நானே உள்ள விட்டிருக்கறேன். பஞ்சு எங்கெங்க போய் அடைக்கும்னு மெஷின்ல தெனமும் பாக்கறவன் நான்! சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்ட கதை. சிரிக்கக்கூடத் தெம்பில்லீங்க.

வாயால ஊதி, துணியே படாம வெயில்ல காய வெச்சு மாட்டினேன். கிக்கர ஒதைச்சேன். ஏர் ஸ்க்ரூவ மெல்ல மெல்லத் திருகி ஆக்சிலேட்டர விட்டேன். நிக்கல. நிதானமா ஓடிக்கிட்டே இருக்குது. சந்தோசத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"கேட்டயா புள்ள?"ன்னு திரும்புனா, அந்தச் சத்தத்துலயும் பொகையிலயும் அவ வாயப் பொளந்து தூங்கறா. எழுப்ப மனசு வல்லை. வண்டிய அமத்தினேன்.

சத்தம் நின்னதும் திடுக்குன்னு முழிச்சா. "கேட்டச் சாத்திட்டாங்களா?"

"இன்னிக்கு லீவு. தூங்கு கண்ணு"ன்னேன்.

அது அவ காதுல விழறதுக்குள்ள ஒரு கால்ல செருப்பு மாட்டியிருந்தா.