கடைசி சீட்டிலிருந்து நான் ஆட்டிய தலை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. மீதியைச் சொல்லிக்கொடுத்தது கோலார் தங்கவயல் சுரங்கம். பத்தொன்பது வயதில் கீழே இறங்கினேன். சுரங்கத்தை மூடியபோது எங்கள் ஸ்கெலட்டன் லைன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில் பாதி ஜனம் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு ஓட ஆரம்பித்தது. நான் ஓடவில்லை. பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு லேத் மெஷினைத் தூக்கிவந்து, தகரக் கொட்டகை போட்டு, நானே பிரித்து, நானே பூட்டி ஓட்டினேன். இன்றைக்கு எங்கள் ஊரில் பாலகாட் பக்கம் போய்ப் பாருங்கள், பாதி வீட்டு கேட்டும் கிரில்லும் என் கை வெல்டிங்தான். ஒழுகிக்கொண்டிருந்த லைன் வீட்டை மாடி வீடாக்கினேன். எங்கள் வரிசையில் முதல் மாடி என்னுடையது. யாரும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, என் ஒரே மகளைப் படிக்கவைத்து ஏர் ஹோஸ்டஸ் ஆக்கினேன். "யாரால ஆச்சு? என்னாலதான ஆச்சு?" என்று கேட்காத இடம் கிடையாது. கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறேன், சாவு வீட்டிலும் கேட்டிருக்கிறேன்.

போன வருஷம் கோடையில், பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் போகிற காலை விமானத்தில் நடந்தது இது. எனக்கு அதுதான் முதல் விமானப் பயணம். "நைனா, நான் வேலை செய்றத ஒரு தபா வந்து பாரு" என்று மகளே டிக்கெட் எடுத்தாள். ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். டீக்கடையில் என்னோடு சுரங்கத்தில் வேலை செய்தவன் ஒருவன், "இன்னா மேஸ்திரி, கேஜ்ல கீழ போய்க்கினு இருந்தவன் இப்ப மேல போறியா? எத்தினி பெல்லு அடிக்கணும்னு கேட்டு வச்சிக்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்குக் கடைசி வரிசையில், நடைபாதை ஓரத்து சீட் வாங்கியிருந்தாள். திரும்பினால் இரண்டு முழத் தூரத்தில் பின்கதவுப் பக்கம் அவளுடைய மடக்கு சீட். அதன் பக்கத்துச் சுவரில் ஒரு ஃபோன். முன்னால் இருக்கிற, பணிப்பெண்களுக்கெல்லாம் மேலான பெரிய மேடத்திடமும் பைலட்டிடமும் அதில்தான் பேசுவார்கள். அந்தப் பக்கத்து மடக்கு சீட்டில் இன்னொரு பெண், வேலைக்குச் சேர்ந்து பதினைந்து நாள்தான் ஆகியிருந்ததாம். என் பக்கத்து சீட்டில் தமிழ் பேசுகிற ஒரு துணிக்கடைக்காரர். உட்கார்ந்ததுமே அவரிடம், "அதோ நிக்குதே, என் பொண்ணு" என்றேன்.

"அப்ப உங்களுக்கு டீ எக்ஸ்ட்ரா உண்டா சார்?"

"எனக்கு வந்தா உங்களுக்கும் வரும். கவலப்படாதீங்க."

விமானம் ஓடியது. மூக்கு மேலே தூக்கியது. அப்போதுதான் பின்னால், கீழே, ஒரு மோதல். அதைத் தொடர்ந்து கல்லில் இரும்பை வைத்து இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் நின்றுவிட்டது. பிறகு தரை விட்டுப்போய் எல்லாம் லேசாகிவிட்டது.

துணிக்கடைக்காரர், "இன்னா சார் சத்தம்?" என்றார்.

"மூட்ட எதுனா உருண்டிருக்கும்" என்றேன்.

அது மூட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். சுரங்கத்தில் உள்ளே போனதும் மேல்பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்போம். நல்ல பாறை ஒரு மாதிரி பேசும், பிடி விட்டு விழப்போகிற பாறை ஒரு மாதிரி பேசும். காது சரியில்லாதவன் வீடு திரும்பமாட்டான். அந்தக் காது எனக்கு. அதற்குப் பிறகு பல வருஷம் நான் பெல்மேன். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்கள் ஏறி இறங்கும்போது, மேலே எஞ்சின் ஓட்டுகிறவருக்கு மணியடித்துச் சொல்கிற ஆள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு மணி அடித்தால் நிறுத்து என்று அர்த்தம். ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். எஞ்சின்காரர் முதலில் நிறுத்துவார், காரணத்தைப் பிறகு கேட்பார். ஒருமுறை கேஜ் இறங்கும்போது உரசல் கேட்டு நான் ஒரு மணி அடித்தேன். பார்த்தால் எவனோ ஒருவனின் கடப்பாரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எஞ்சின்காரர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான்.

திரும்பி மகளைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. புதுப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறுகிற நேரத்தில் பைலட்டை சும்மா கூப்பிடக் கூடாதாம், ஆபத்து என்று பட்டால் கூப்பிடலாமாம். இது மகள் பிறகு எனக்குச் சொன்னது. மகள் ஃபோனை எடுத்து முன்னால் இருந்த பெரிய மேடத்திடம் இங்கிலீஷில் பேசினாள். சுரங்கத்து இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் புரியும். வால் தரையில் இடித்த மாதிரி சத்தம் கேட்டது, கேப்டனிடம் சொல்லுங்கள் என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபோன் திரும்ப வந்தது. கேப்டனுக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லையாம். நிச்சயமாகத் தெரியுமா, நிச்சயம் என்றால் விமானத்தைத் திருப்பவேண்டும், யோசித்துச் சொல் என்று கேட்டாராம். ஃபோனைக் காதில் வைத்தபடியே மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்கவில்லை. நைனா, நீயும் கேட்டதானே என்கிற பார்வை.

நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று. கையையும் கீழே அமுக்கிக் காட்டினேன். வாயும் சும்மா இருக்கவில்லை. "வுடும்மா. அவங்களுக்குத் தெரியாததா? நீ இன்னாத்துக்கு வாய குடுக்கிற?"

ஏன் சொன்னேன்? ஒரு வருஷத்துக்கு மேலாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சுரங்கத்துக்குள் மணியடிக்கத் தெரிந்த நான், மேலே வந்தால் ஆபீசர்கள் முன்னால் வாய் திறந்ததில்லை. அப்படி இருந்துதான் மேஸ்திரி ஆனேன். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளிடமும், பெரியவர்கள் சொன்னால் சரி என்று போ, எதிர்த்துக் கேட்காதே என்று சொல்லி அனுப்பினேன். அதைவிடக் கேவலமான காரணம் ஒன்றும் இருக்கிறது. அத்தனை பேர் உட்கார்ந்திருக்கிற விமானத்தை என் மகள் பேச்சைக் கேட்டுத் திருப்பி, பார்த்தால் ஒன்றுமில்லை என்றால், பக்கத்து சீட்டுக்காரர் என்னை என்ன நினைப்பார்? லைனில் போய் என்ன சொல்வேன்? இதைத்தான் நினைத்தேன். விமானம் ஏறுவதற்கென்றே தைத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இதைத்தான் நினைத்தேன்.

அவள் ஃபோனில், "நாட் ஷ்யூர்" என்றாள். மாட்டினாள்.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் பறந்தோம். அவள் டீ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இரண்டாவது டீ கேட்டு வாங்கினேன். துணிக்கடைக்காரருக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

விமானம் நல்லபடியாகத்தான் இறங்கியது. பின்படி வழியாக இறங்கி, கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வாலுக்கு அடியில் ஓர் ஆள் நீளத்துக்குப் பெயின்ட் போய், தகடு பளபளவென்று தெரிந்தது. ஓர் இடத்தில் கிழிந்து மடங்கியிருந்தது. எங்கள் கொட்டகையில் கிரைண்டர் கை நழுவினால் தகட்டில் இப்படித்தான் இழுத்துவிடும். இஞ்சினியர் ஒருவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே காற்றை அடைத்துத்தான் அவ்வளவு உயரத்தில் ஓட்டுகிறார்களாம். கிழிசல் இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருந்தால் வால் பக்கம் வெடித்துத் திறந்திருக்கலாம் என்று மகள் பிறகு சொன்னாள். நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தோம். கைக்குழந்தைகள் இருந்தன. முதலில் போயிருக்கக்கூடியவள் பின்கதவில் உட்கார்ந்திருந்த என் மகள்.

விசாரணை வைத்தார்கள். பைலட், "நான் கேட்டேன், நிச்சயமில்லை என்று பதில் வந்தது" என்றார். அது உண்மைதான். பின்பக்கப் பணிப்பெண் ஆபத்தைத் தெளிவாகத் தெரிவிக்கத் தவறினார் என்று எழுதினார்கள். முதலில் பறக்கவேண்டாம் என்றார்கள், பிறகு வேலையே போய்விட்டது. பெட்டியோடு வீட்டுக்கு வந்தவளிடம் கேட்டேன்.

"நான் சொன்னத அவங்ககிட்ட சொன்னியாம்மா?"

"இல்ல நைனா."

"ஏன் சொல்லல?"

"ஃபோன் என் கையிலதான் இருந்திச்சி."

ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டு ரிடையர்டு டீச்சரம்மாவிடம் சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதவைத்து, கீழே கையெழுத்துப் போட்டேன். ரயிலேறி பெங்களூரில் அந்த விமானக் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்குள் ஓர் இளைஞன் அதைப் படித்தான். மரியாதையான பையன்தான், கன்னடத்தில் தாத்தா என்று அழைத்துத்தான் பேசினான். "அஜ்ஜா, நீங்க பேசெஞ்சர். நீங்க சொன்னது கணக்குல வராது. ட்ரெய்னிங் எடுத்தவங்க அவங்கதான?" என்றான்.

"நான் அவளப் பெத்தவன்ப்பா."

"இருக்கலாம் அஜ்ஜா. ஆனா டியூட்டில நீங்க இல்லயே" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். இரண்டாவது தடவை போனபோது காவலாளி உள்ளே விடவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். வேறு இடத்துக்கு எழுதிப் போட்டாள். முந்தின வேலை ஏன் போனது என்று கேட்டதோடு சரி. அவள் அம்மா, குழம்பில் உப்பு பார்க்கச் சொன்னால், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். "சரியா இருக்கிற மாதிரிதான் இருக்கு. தெரியலம்மா, நீயே பாத்துக்க" என்கிறாள். அடுப்படியிலிருந்து இதைக் கேட்டால் நான் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவேன். லேத்தை ஓட்டினால் ஒன்றும் காதில் விழாது. டீக்கடையில், "இன்னா மேஸ்திரி, பொண்ணு பறக்கலியா?" என்கிறார்கள். அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

இது சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. எத்தனையோ கேட், கிரில் கோணலாகிப் போனதை வெட்டி மறுபடி ஒட்டியிருக்கிறேன். இதை எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை. பேசத் தெரிந்த ஒரு பெண்ணைப் பேசவிடாமல் செய்ய, பெற்றவன் ஒருமுறை தலையாட்டினால் போதும் என்பதை அறுபத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த ஃபைலைக் கையில் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், என் மகளின் பெயருக்குக் கீழே இதையும் எழுதுங்கள்: அவள் சொல்ல வந்தாள், கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்த தகப்பன் தடுத்தான். அந்தத் தப்பில் என் பங்கு பெரிய பங்கு. அதை அவளிடமிருந்து எடுத்து என் பேரில் போடுங்கள்.