மதலேனாளின் ஒரே சொல்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் சவரிராயன் முதன்முதலாக ஒரு மலையைப் பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் காரைக்கால் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கடலும் வயலும் தவிர ஒரு மேடுகூட இல்லாத ஊரில் பிறந்தவருக்கு, ஏற்காட்டில் பனி விலகிப் பள்ளத்தாக்கு தெரிந்தபோது உள்ளங்கால் கூசியது. மனைவி மதலேனாளோ செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஈரப்புல்லில் விறுவிறுவென்று நடந்தாள்.

"பாத்து வாங்க, யாரும் உங்கள தள்ளிவிடல" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

அவர்களை அங்கே அழைத்தவர் ஞானாதிக்கம். சவரிராயனோடு படித்தவர். காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்து, மலையிலேயே வீடு கட்டிக்கொண்டார். அந்த முதல் பயணத்துக்குப் பிறகு, கோடை பிறந்தால் பிள்ளையில்லாத இந்த இருவரும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். காரைக்காலில் ரயிலேறி, பேரளத்தில் மாறி, சேலத்தில் இறங்கி, பஸ்ஸில் மலையேறுவார்கள். பகலெல்லாம் ஆரஞ்சுத் தோப்புகளில் நடை. பொழுது சாய்ந்ததும் அக்கம்பக்கத்து நண்பர்கள் ஞானாதிக்கம் வீட்டு வராந்தாவில் கூடுவார்கள். ஞானாதிக்கம் ஆர்மோனியம் வாசிப்பார். மதலேனாள் பாடுவாள். காணாமற்போன ஆட்டை மேய்ப்பன் மலை மலையாகத் தேடிப்போகும் சுவிசேஷப் பாட்டு அவளுக்கு உயிர். சவரிராயனுக்குச் சுருதி சேராது. தாளம் மட்டும் போடுவார், அதுவும் சமயத்தில் தப்பும்.

ஐம்பத்தாறாம் வருஷம் தவக்காலத்தில் ஒருநாள் காலை, மதலேனாள் அடுப்படியில் சாய்ந்து விழுந்தாள். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "இல்ல."

"பசிக்குதா?"

"இல்ல."

தட்டைக் கொண்டுவந்தால் சாப்பிடுவாள். "வலிக்குதா?" என்றாலும் அதே சொல்தான், கண்ணில் மட்டும் நீர் வழியும். "வேற வார்த்தை வரமாட்டேங்குது, அவ்வளவுதான். நெனைக்கிறதெல்லாம் உள்ளே இருக்கும்" என்றார் டாக்டர். அதைக் கேட்டபிறகுதான் சவரிராயனுக்குத் தூக்கம் போனது. உள்ளே இருப்பதை எப்படி எடுப்பது?

ஒருநாள் அவர் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது, பக்கத்து வீட்டு ஆஸியா பீவி வாசலில் நின்று கையை ஆட்டினாள்.

"அண்ணே, ஓடி வாங்க! அக்கா பாடுறாங்க!"

அவர் பையைப் போட்டுவிட்டு ஓடினார். படுக்கையில் கிடந்தபடி மதலேனாள் அந்த ஆட்டுப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சொல் குழறவில்லை. பாட்டு முடிந்ததும் அவர் அவள் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டார்.

"மதலேனு, என் பேரச் சொல்லு."

அவள் உதட்டைக் குவித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

"இல்ல" என்றாள்.

பாட்டு எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டுபோனால் பேச்சும் வந்துவிடும் என்று அவர் நம்பினார். டாக்டர் வேண்டாமென்றார். கேட்கவில்லை. மே மாதத்தில் பிரம்பு நாற்காலியில் வைத்துத் தூக்கி, ரயில் மாற்றி, பஸ்ஸில் மடியில் சாய்த்து மலைக்குக் கொண்டுபோனார்.

முதல் நாள் சாயங்காலமே எல்லாரும் வந்துவிட்டார்கள். ஞானாதிக்கம் ஆர்மோனியத்தில் முதல் சுரத்தைத் தொட்டதும் மதலேனாள் எடுத்துக்கொண்டாள். எல்லாச் சரணங்களையும் பாடினாள். ஞானாதிக்கத்தின் மனைவி நட்சத்திரம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"கர்த்தர் கண்ணத் தொறந்துட்டாருண்ணே!"

அப்போது மதலேனாள் இடது கையை நீட்டி எதையோ காட்டினாள். சவரிராயன் சால்வையைக் கொடுத்தார். தள்ளினாள். தண்ணீர், செபமாலை, தலையணை என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் "இல்ல, இல்ல" என்றாள், குரல் உயர்ந்தது. தோட்டத்தைக் காட்டுகிறாளோ என்று நாற்காலியோடு வெளியே தூக்கிப் போனார்கள். அங்கேயும் கை நீண்டது. இப்போது வேறு பக்கம்.

"பாட்டாவே கேட்டுப் பாரேன், சவரி" என்றார் ஞானாதிக்கம்.

சவரிராயன் தன் சேராத குரலில், அத்தனை பேர் முன்னால், "என்ன வேணும் மதலேனு" என்று அந்த மெட்டிலேயே இழுத்தார். அவள் உடனே பாடினாள். ஆனால் வந்தது பாட்டின் அடுத்த வரிதான். அது, தான் சொல்ல வந்தது இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. பாடப்பாட அழுதாள். நிறுத்தவும் முடியவில்லை. கடைசியில் இடது கையால் அவர் மார்பில் ஓங்கிக் குத்தினாள். அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றார்.

மறுநாள் கேட்டார்: "ஊருக்குப் போயிடலாமா?"

"இல்ல."

"இங்கேயே இருப்பமா?"

"இல்ல."

ஒரு வாரம் பார்த்துவிட்டு இறக்கிக் கொண்டுவந்தார். அது சரியா, தப்பா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு மதலேனாள் இறந்துபோனாள்.

அடக்கத்துக்கு ஞானாதிக்கம் வந்திருந்தார். கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், "கடைசிவரைக்கும் பாடிக்கிட்டே போனாங்க, சவரி. அந்தக் கொடுப்பினை யாருக்கு வரும்?" என்றார்.

சவரிராயன் நின்றுவிட்டார்.

"பாட்டு யாரோ எழுதுனது, ஞானாதிக்கம். அவ சொல்லவந்தது ஒண்ணுகூட எனக்குப் புரியல."

ஞானாதிக்கம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மழை மறுபடி தூற ஆரம்பித்தது. குடையை விரிக்க இருவருக்கும் தோன்றவில்லை.