குறையில்லாத இரத்தம்

கிணற்றுக்குள் வாளியை விடுமுன் கனகாம்பிகை அக்கா ஒரு கணம் நின்று தன் உடம்பை விசாரிப்பார். "இண்டைக்கு இடது தோள்காரி வெள்ளெனவே எழும்பிட்டா. முழங்கால்காரியை இன்னும் காணேல்லை. வருவா." சண்டைக்காரச் சொந்தங்களுக்கு வைப்பதுபோல வலிகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார். பிறகு அரை வாளித் தண்ணீர் மட்டும் இழுப்பார். நிறைவாளி இழுத்தால் அடுத்த நாள் பாயோடுதான்.

மட்டுவிலில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. வயது நாற்பத்திரண்டு. பிள்ளைகள் இல்லை. கணவர் முத்துக்குமாரு கத்தரித் தோட்டக்காரர், அதிகம் கதைக்காதவர். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே அக்காவின் நாள் எனக்குக் கேட்கும். கறிக்கு உப்புப் போட்டதை மறந்து இன்னொருமுறை போடுவார். பாதிக் கதையில் நின்று, "நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தனான்?" என்று என்னையே கேட்பார். எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினாலும் களைப்புத் தீராது. "ஆரோ என்னை இரவிரவா உரலிலை போட்டு இடிச்சமாதிரி இருக்கு தம்பி."

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் நான் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனைக்கூடம் வைத்திருக்கிறேன். வாதமாக இருக்குமோ என்று சந்தேகப்பட்ட டொக்டர்மார் அக்காவை ஐந்து வருடத்தில் ஒன்பது தரம் என்னிடம் அனுப்பினார்கள். போர்த் தடையால் ஆனையிறவுக்கு இப்பால் மருந்துச் சாமான்கள் வராமல் போனபிறகு பல சோதனைகளை நான் நிறுத்திவிட்டேன். ஒன்று மட்டும் மிஞ்சியது. ஒல்லியான கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை நிறுத்தி, ஒரு மணித்தியாலத்தில் சிவப்பு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பார்ப்பது. உடம்புக்குள் அழற்சி இருந்தால் மளமளவென்று இறங்கும். அந்த ஒரு மணித்தியாலமும் அக்கா மரவாங்கில் உட்கார்ந்து குழாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அது ஒருநாளும் அவசரப்படவில்லை. பத்து, பன்னிரண்டு, பதினொன்று. "குறையொன்றுமில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன். மற்றவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டுக் கடவுளைக் கும்பிடுவார்கள். அக்காவுக்கு முகம் கறுத்துப்போகும்.

வீட்டில் முத்துக்குமாரு அண்ணையின் தமக்கை சிவக்கொழுந்து இருக்கிறார். ஒவ்வொரு கடுதாசியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இரத்தம் சுத்தம், வருத்தமெல்லாம் வாயிலைதான்" என்பார். அண்ணை ஏச மாட்டார். கடுதாசியை வாங்கி இரண்டு தரம் பார்த்துவிட்டு மண்வெட்டியோடு தோட்டத்துக்கு இறங்கிவிடுவார். மச்சாளின் வாயைவிட அந்த மௌனம்தான் தன்னைச் சுட்டது என்று அக்கா ஒருதரம் சொன்னார்.

ஒன்பதாவது தரம் என் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, உந்தப் பன்னிரண்டை ஒருக்கா தொண்ணூறாக்கி விடுங்கோவன்."

"அப்பிடி எழுதினா டொக்டர் தேவையில்லாத மருந்தெல்லாம் தருவார் அக்கா."

"மருந்து வேண்டாம். வீட்டிலை காட்டத்தான்."

நான் எழுதவில்லை. "ஓம், நீங்கள் பொய் எழுதப்படாது" என்று அவரே எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். செய்தது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றிரண்டில் ஒரு முற்பகல், பொம்மர் விமானம் வந்து போட்ட குண்டு சந்தைக்குப் பக்கத்தில் விழுந்தது. இரத்தம் தேவை என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஊரூராகப் போனது. நானும் உதவிக்கு ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். வரிசையில் கனகாம்பிகை அக்கா நின்றார். மட்டுவிலிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"உங்களாலை ஏலாது. வீட்டை போங்கோ அக்கா."

"என்ரை இரத்தத்திலை ஒரு குறையுமில்லையெண்டு ஒன்பது தரம் கையெழுத்து வைச்சது நீங்கள்தானே?"

குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான்தான் அவரைக் கட்டிலில் படுக்கவைத்தேன்.

மேற்கையில் ரப்பர் பட்டியை இறுக்கியபோது அவர் கண்கள் நிறைந்தன. ஊசி பிறகுதான் வந்தது. அதற்கு அவர் அசையவே இல்லை. மற்றவர்களுக்கு வெறும் கட்டு, அவருக்கு எலும்புவரை பிழியும். அந்த உடம்புக்கு அன்பாகத் தொடுவதும் அடிதான்.

"ஒவ்வொரு தரமும் இப்பிடித்தானோ நொந்தது?"

"ஓம். சொன்னா நீங்கள் கட்டமாட்டியள்."

அதற்குப் பிறகு பதினொரு நாள் படுக்கை. முத்துக்குமாரு அண்ணை கஞ்சி காய்ச்சினார். சிவக்கொழுந்து வாசலில் நின்று, "இரத்தம் குடுக்க ஏலும், மிளகாய் இடிக்க ஏலாதோ?" என்று கேட்டாராம். இதை எனக்குச் சொல்லும்போது அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஞாயமான கேள்விதானே தம்பி. எனக்கே விளங்கேல்லை, அவவுக்கு எப்பிடி விளங்கும்?"

அவருடைய இரத்தம் யசிந்தா என்ற இருபது வயதுப் பிள்ளைக்கு ஏறியது. தாயோடு சந்தைக்கு வந்தவள். தாய் அந்த இடத்திலேயே முடிந்துபோனார். பிள்ளைக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நாலு மாதம் கழித்து என்னிடம் விலாசம் விசாரித்து, மாமனின் சைக்கிள் கரியரில் உட்கார்ந்து வந்திறங்கினாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அக்கா முற்றத்தில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு மெல்ல எழும்பினார்.

"நீங்களோ அன்ரி?" என்றாள் யசிந்தா. ஊன்றுகோலை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் அக்காவின் கழுத்தைக் கட்டி, முழுப் பாரத்தையும் அவருடைய தோளில் போட்டாள். "அம்மாவும் போயிட்டா அன்ரி… அம்மாவும் போயிட்டா…"

அக்காவின் முகம் வெளிறியது. உதட்டைக் கடித்தார். பிள்ளையைப் பிரித்தெடுக்க நான் இரண்டு அடி வைத்தேன். யசிந்தாவின் முதுகுக்குப் பின்னால் அக்காவின் கை உயர்ந்து, வேண்டாம் என்று என்னைத் தடுத்தது. பிறகு அந்தக் கை இறங்கி, பிள்ளையைத் தன்னோடு இன்னும் இறுக்கியது.