மூன்று குண்டும் ஒரே தட்டில்

சரஸ்வதி படத்துக்கு முன்னால் துப்பாக்கியை வைத்து ஆயுத பூஜை கும்பிட்ட வீடு, டெக்சாஸின் இர்விங் ஊரில் அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். லேப்டாப், கார் சாவி, மிக்ஸி, தையல் மெஷின் என்று வழக்கமான வரிசை. அதன் கடைசியில் கன்னங்கரேலென்று ஒரு ஷாட்கன், குழல் மேல் சந்தனமும் குங்குமமும். "அம்மா, திஸ் இஸ் ஸோ நாட் ஓகே" என்றாள் பதினைந்து வயது மகள் யாமினி. தாமரைச்செல்வி அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் சூடத்தைக் காட்டிவிட்டு நகர்ந்தாள்.

பயப்பட வேண்டியதில்லை. அது நிஜத் துப்பாக்கி அல்ல, ஏர்சாஃப்ட். பட்டாணியை விடச் சிறிய பிளாஸ்டிக் குண்டுகளை ஸ்பிரிங் விசையில் துப்புகிற விளையாட்டுச் சாமான். முகமூடி போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவதற்கென்றே டெக்சாஸில் பெரிய பெரிய கொட்டகைகள் இருக்கின்றன. அப்படி ஒரு கொட்டகைக்கு யாமினியின் தோழி பிறந்தநாளுக்குப் போனபோதுதான் தாமரைச்செல்விக்கும் இந்தத் துப்பாக்கிக்கும் முதல் சண்டை நடந்தது.

வாடகைக்குக் கொடுத்த ஷாட்கன்னில் மூன்று குழல்கள். ஒரு அழுத்தில் மூன்று குண்டுகள் பாயும். பாய்ந்தன, ஆனால் ஒன்று கூரைக்கு, ஒன்று தரைக்கு, ஒன்று பக்கத்துச் சுவருக்கு. மற்ற அம்மாக்கள் சிரித்துவிட்டு பீட்சா சாப்பிடப் போனார்கள். இவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு மெஷின் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்றால் அவளால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது, அது பிறவிக் கோளாறு.

அவள் திருப்பூர்க்காரி. அப்பாவின் பவர் டேபிளில், அதாவது எட்டு மெஷின் போட்ட சின்ன பனியன் தையல் கூடத்தில், துணி ஓரத்தை மூன்று நூலால் பூட்டித் தைக்கும் ஓவர்லாக் மெஷினை ஒன்பது வருஷம் ஓட்டியவள். மெக்கானிக் வருவதாகச் சொல்லிவிட்டு வராமலே இருந்ததால், ஸ்குரூ டிரைவரைத் தானே கையில் எடுத்தவள். கல்யாணமாகி அமெரிக்கா வந்த பிறகு பதினான்கு வருஷம் விசா விதிப்படி வேலை பார்க்க அனுமதி இல்லை. அனுமதி வந்த இரண்டு வருஷத்தில் நாற்பது இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். கணவர் ரஞ்சித்குமார் இர்விங்கிலேயே லாஸ் கொலினாஸ் பகுதியில் ஒரு பேங்கில் டேட்டா வேலையில் இருப்பவர், நல்ல மனுஷர். ஆனால் ரெஸ்யூமேயைத் திருத்திக் கொடுக்கும்போது, "பனியன் கம்பெனியெல்லாம் வேண்டாம் தாமரை, இங்க யாருக்குப் புரியும்" என்று அந்த ஒன்பது வருஷத்தை அடித்துவிட்டார். அனுபவம் என்ற இடம் காலியாகவே போய்க்கொண்டிருந்தது. பதிலும் காலியாகவே வந்தது.

அன்று அவள் நேரே கவுண்டருக்குப் போனாள். கொட்டகையின் மேனேஜர் ஷைன், நாகர்கோவில்காரன், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"தம்பி, இதக் கழட்டிப் பாக்கலாமுங்களா?"

"அக்கா, இது மாதிரி பன்னெண்டு கிடக்கு. கஸ்டமர் எல்லாம் கம்ப்ளெயின்ட். நம்ம டெக்னீஷியன் ஆஸ்டினுக்கு மூவ் பண்ணிட்டான். ஓனர் எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு ரிப்பேர் பெஞ்சையே க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டாரு."

"நான் சரி பண்ணிக் குடுத்தா?"

ஷைன் சிரித்தான். அப்புறம் அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தான். எண்பது அடி தூரத்தில் தோசைக்கல் அகலத்துக்கு ஓர் இரும்புத் தட்டு தொங்கியது. அதைக் காட்டி, "மூணு குண்டும் அந்தத் தட்டுல படணும். மூணு தடவை, மிஸ் ஆகாம. பண்ணிட்டீங்கன்னா ஓனர்கிட்ட நான் பேசுதேன். பெஞ்சும் இருக்கும், வேலையும் உங்களுக்குத்தான்" என்றான்.

வேலை என்ற சொல் காதில் விழுந்ததும் தாமரைச்செல்வி அந்த ஷாட்கன்னை வீட்டுக்கு எடுத்துப்போகக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வீட்டில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டதும் விஷயம் விளங்கியது. ஒவ்வொரு குழலின் அடியிலும் ஒரு சின்ன ரப்பர். குண்டு கிளம்பும்போது அந்த ரப்பர் அதன் தலையை உரசி, பின்பக்கமாகச் சுழல விடும். அந்தச் சுழற்சிதான் குண்டைத் தூரம் கொண்டுபோகிறது. உரசல் குறைந்தால் குண்டு தரையைப் பார்க்கும், கூடினால் கூரையைப் பார்க்கும், ரப்பர் கோணலாக அழுத்தினால் சுவரைப் பார்க்கும். கம்பெனிக்காரன் மூன்றையும் ஒரே அளவில் இறுக்கி மூடிவிட்டான், திருத்த வழியே வைக்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓவர்லாக்கில் மூன்று நூல், ஒவ்வொன்றின் இறுக்கத்துக்கும் ஒரு டென்ஷன் திருகு. இது அதே வியாதிதான்!

மூன்று ரப்பருக்கும் மேலே நேராகத் துளை போட்டாள். ஒவ்வொன்றிலும் சின்னத் திருகு வைத்து, அது ரப்பரை அழுத்துகிற மாதிரி செய்தாள். ஆனால் நாலு தடவை சுட்டதும் அதிர்ச்சியில் திருகு தானாகக் கழன்றது. தையல் மெஷின் உதிரிச் சாமான் டப்பாவிலிருந்து டென்ஷன் ஸ்பிரிங் மூன்றை எடுத்துத் திருகின் தலைக்கடியில் கோத்தாள். அப்புறம் அது வைத்த இடத்தில் நின்றது. மேல்மூடியிலும் துளை போட்டதால், பிரிக்காமலே வெளியிலிருந்து திருப்பிக்கொள்ளலாம்.

எந்தக் குழல் தப்புப் பண்ணுகிறது என்று கண்டுபிடிப்பது அடுத்த தலைவலி. பவர் டேபிளில் தையல் கோணினால், மூன்று நூலுக்கும் மூன்று கலர் போட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். எந்தக் கலர் தொங்குகிறதோ அந்தத் திருகை மட்டும் தொட வேண்டும், மற்றதில் கை வைக்கக் கூடாது. அவள் வெள்ளை, பச்சை, ஆரஞ்சு என்று மூன்று கலர் குண்டு வாங்கி, குழலுக்கு ஒரு கலராகப் போட்டுக் கொட்டகையின் ஓரத்தில் நின்று சுட்டாள். ஆரஞ்சு மேலே போனது, கால் திருகு குறைத்தாள். பச்சை விழுந்தது, அரைத் திருகு கூட்டினாள். ஒரே சாயங்காலத்தில் மூன்றும் ஒன்றாகக் கூடிவிட்டன. சனிக்கிழமை ஷைன் முன்னால் சுட்டுக் காட்டுவதாக ஏற்பாடு.

நடுவில் வந்தது ஆயுத பூஜை. பவர் டேபிளில் அன்றைக்கு ஒவ்வொரு மெஷினையும் துடைத்து, எண்ணெய் விட்டு, பொட்டு வைப்பது வழக்கம். பழக்கம் விடுமா? துப்பாக்கிக்கும் குழல் குழலாக மெஷின் எண்ணெய் தாராளமாக விட்டுப் பொட்டு வைத்தாள்.

சனிக்கிழமை மூன்று குண்டுகளும் கிளம்பி, நாற்பது அடியிலேயே தரையில் விழுந்தன. மறுபடி சுட்டாள். மறுபடி விழுந்தன. வரிசையில் நின்ற பையன்கள் விசிலடித்தார்கள். ஷைன் அவள் முகத்தைப் பார்க்காமல், "பரவால்லக்கா. அடுத்த சனி குப்பை லாரி வருது. அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான்.

காரில் ரஞ்சித்குமார், "விடு தாமரை, அவன் கொட்டகைதான் ஒரு வேலையா" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, எனக்கு அதுதானுங்க வேலை. உங்களுக்குக் கம்ப்யூட்டர் எப்படியோ, எனக்கு அது அப்படி. செத்த சும்மா இருக்கறீங்களா!"

வீட்டுக்கு வந்து அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்தாள். திருகுகள் வைத்த இடத்திலேயே இருந்தன. ஸ்பிரிங்குகள் சரியாக இருந்தன. ரப்பரைத் தொட்டாள். விரல் வழுக்கியது. எண்ணெய்! உரச வேண்டிய ரப்பருக்கு எண்ணெய் விட்டால் எதை உரசும்? குண்டு சுழலாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இரும்புக்குச் செய்கிற மரியாதையை ரப்பருக்கும் செய்திருக்கிறாள். "அட கூறு கெட்டவளே" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்டே சிரித்தாள்.

பாத்திரம் தேய்க்கும் சோப்பில் மூன்று ரப்பரையும் கழுவி, குழல்களை உள்ளே துணி விட்டுத் துடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தாள். மறுபடி மூன்று கலர், மறுபடி கால் திருகு, அரைத் திருகு. யாமினி தானாகவே வந்து, குறியாக வைத்திருந்த அட்டைப்பெட்டியில் ஓட்டை விழுந்த இடங்களுக்குக் கலர் பேனாவால் வட்டம் போட்டாள். "க்ரீன் இஸ் ஸ்டில் லோ, அம்மா" என்றாள். வெட்கமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாசலில் குப்பை லாரி நின்றது. பதினோரு துப்பாக்கிகள் ஒரு பெட்டியில் தயாராகக் கிடந்தன. தாமரைச்செல்வி பன்னிரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டில் நின்றாள். விசிலடித்த பையன்கள் அன்றும் வந்திருந்தார்கள்.

முதல் அழுத்து. மூன்று குண்டும் பட்டு டணார் என்று தட்டு ஆடியது. இரண்டாவது, மறுபடி டணார். மூன்றாவதற்கு முன்னால் அவள் துப்பாக்கியை இறக்கினாள்.

"தம்பி, தட்டை இன்னும் இருபது அடி தள்ளி வைங்க."

"எதுக்குக்கா? எண்பதுதானே பேச்சு?"

"வைங்க, சொல்றேன்."

வைத்தான். அவள் மூன்று திருகையும் ஒரு துளி கூட்டினாள். அப்படி வெளியிலிருந்து கூட்டிக்கொள்ள முடிகிறது என்பதை எல்லோரும் பார்க்க வேண்டும் என்றுதான் தள்ளி வைக்கச் சொன்னாள். சுட்டாள். நூறு அடியில் தட்டு அலறியது. ஷைன் ஓடிப்போய்த் தட்டடியில் குனிந்து, வெள்ளை ஒன்று, பச்சை ஒன்று, ஆரஞ்சு ஒன்று என்று பொறுக்கி, உள்ளங்கையில் வைத்து உயர்த்திக் காட்டினான். பையன்கள் கத்திய கத்தலில் கொட்டகையே அதிர்ந்தது. யாமினி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தட்ஸ் மை மாம்!" என்றாள். தாமரைச்செல்விக்கு அழுகை முட்டியது, ஆனால் முகமூடி இருந்ததால் மானம் தப்பியது.

ஷைன் ஓனரோடு போனில் பேசிவிட்டு வந்தான். லாரி காலியாகத் திரும்பிப் போனது. அவன் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஃபார்மைத் திறந்து, பேர், முகவரி எல்லாம் அடித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றான்.

"எக்ஸ்பீரியன்ஸ்ல என்னக்கா போடட்டும்?"

ரஞ்சித்குமார் பக்கத்தில்தான் நின்றார். அவர் தொண்டையைச் செருமினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓவர்லாக் டெய்லர், திருப்பூர், ஒன்பது வருஷம்னு போடுங்க தம்பி."

ஷைன் அடித்து முடித்ததும், ரஞ்சித்குமார்தான் குனிந்து, "பவர் டேபிள்னும் சேர்த்துப் போடுங்க. பி, ஓ, டபிள்யூ" என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

அவள் ஏற்கனவே பெஞ்சுக்குப் போய் இரண்டாவது துப்பாக்கியின் மூடியைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். எண்ணெய் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.